வால்வை மூட எத்தனை நிமிடம்?

அபாய காலத்தில் செய்ய வேண்டியவற்றைக் கூறும் கையேடுகளில் ஒரு வாக்கியம் தவறாமல் இடம் பெறுகின்றது. "கசிவு கண்டதும் பிரதான வால்வை உடனே மூடுக" என்பதே அது. இவ்வாக்கியத்தைத் தமிழாக்கும் பணி இக்கட்டுரையாளனுக்குப் பன்முறை வாய்த்துள்ளது. மொழிபெயர்ப்பில் இடர்ப்பாடு ஒன்றுமில்லை. "உடனே" என்பது யாவரும் அறிந்த சொல். இடர்ப்பாடு சொல்லில் அன்று, பொருளில்தான் உள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன் பெரிய குழாய்த் தொகுதி ஒன்றின் பாதுகாப்புக் கையேடு என் மேசைக்கு வந்தது. அதில் அரை மீட்டருக்கு மேற்பட்ட குறுக்களவுள்ள வால்வு ஒன்றின் படம் இருந்தது. அதன்மீது கியர் பெட்டியும், பக்கவாட்டில் ஒரு கைச்சக்கரமும் பொருத்தப்பட்டிருந்தன. படத்தின் கீழ் "உடனே மூடுக" என்னும் கட்டளை. இச்சக்கரத்தை எத்தனை சுற்றுச் சுற்றினால் வால்வு மூடும், அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கையேட்டை அனுப்பிய அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். அங்கீகரிக்கப்பட்ட வாசகத்தை மாற்றாமல் மொழிபெயர்க்குமாறு பதில் வந்தது. அவ்வாறே செய்து கையொப்பமும் இட்டேன். ஆகவே, அப்பக்கத்திலுள்ள "உடனே" என்னும் சொல்லுக்கு நானும் ஒரு பொறுப்பாளி ஆகின்றேன். இக்கட்டுரை அப்பொறுப்பை ஓரளவேனும் தீர்க்கும் முயற்சியாகும்.

என் அபிப்பிராயம் சுருக்கமானது. கையால் இயக்கப்படும் பெரிய வால்வு ஒவ்வொன்றையும் திறக்கவும் மூடவும் எவ்வளவு நேரமாகும் என்பதை முதலில் கணித்தும், பின்னர் அளந்தும், அவ்வால்வின் அருகிலேயே எழுதி வைத்தல் வேண்டும். அந்த எண் இல்லாத அபாயகாலத் திட்டம் முழுமையான திட்டமாகாது.

சயான் தெருவில் கண்டது

இவ்விஷயம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் இரசாயன ஆலைகளுக்கும் மட்டும் உரியதென்று கருத வேண்டா. நம் வீட்டு வாசலிலேயே இது நாள்தோறும் நடைபெறுகின்றது.

மும்பை மாநகரம் ஏழு ஏரிகளிலிருந்து குடிநீர் பெறுகின்றது. விகார் ஏரி 1860-ஆம் ஆண்டிலும், துளசி ஏரி 1879-ஆம் ஆண்டிலும், தான்சா 1892-ஆம் ஆண்டிலும் அமைந்தன. மோடக் சாகர், மேல் வைதர்ணா, பாத்சா ஆகியவை பிற்காலத்தில் சேர்ந்தன. நடு வைதர்ணா அணை 2014-இல் நிறைவெய்தியது. நகரத்துக்கு வழங்கப்படும் நீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 385 கோடி லிட்டர். எனினும், இந்நீர் எல்லாத் தெருக்களுக்கும் எந்நேரமும் பாய்வதில்லை. நகரம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் குறித்த சில மணி நேரம் மட்டுமே நீர் விடப்படுகின்றது. இதற்காக ஒவ்வொரு நாளும் பல நூற்றுக்கணக்கான வால்வுகளை மனிதர் தம் கையால் திறந்து மூடுகின்றனர். இப்பணியாளரை மும்பை மக்கள் "சாவிவாலா" என்பர். 'டி' எழுத்து வடிவிலான நீண்ட இரும்புச் சாவியைத் தோளில் சுமந்து செல்வதால் வந்த பெயர் அது.

சயானில் நான் குடியிருக்கும் தெருவின் முனையில் அத்தகைய வால்வுக் குழி ஒன்று உண்டு. ஒரு விடியற்காலையில் இருவர் மூடியை அகற்றிச் சாவியை இறக்கி, அதன் குறுக்குத் தண்டைப் பிடித்துக்கொண்டு செக்கு மாடு போலச் சுற்றி வந்தனர். மூத்தவர் ஒவ்வொரு சுற்றையும் வாய்விட்டு எண்ணினார். நானும் கைக்கடிகாரத்தைப் பார்த்தவாறே எண்ணினேன். 37 சுற்றுகள், ஏறத்தாழ ஆறு நிமிடங்கள். அது 300 மில்லிமீட்டர் வால்வு என்று அவர் கூறினார். ஏன் எண்ணுகின்றீர் என்று வினவியபோது அவர் தந்த விடை எந்தப் பாடப் புத்தகத்திலும் இடம் பெறத் தக்கது. மூடும்போது வழக்கமான எண்ணிக்கைக்கு இரண்டு மூன்று சுற்றுக் குறைவாகவே சாவி நின்றுவிட்டால், வால்வின் இருப்பிடத்தில் கல்லோ துருக்கட்டியோ சிக்கியுள்ளது என்று பொருள். வால்வு மூடியது போலத் தோன்றும், ஆனால் மூடியிராது. அளவுக்கு மேல் சுற்றினால், உள்ளே தண்டு முறிந்து வெறுமனே சுழல்கின்றது என்று பொருள்.

ஆக, அவர் தம் மனத்தில் ஒரு பதிவேடு வைத்திருக்கின்றார். எந்தத் தெருவில் எத்தனை சுற்று, எது இறுக்கம், எது இளக்கம் என்பனவெல்லாம் அதில் உள்ளன. அவர் ஓய்வு பெறும் நாளில் அப்பதிவேடும் அவருடன் வீடு சென்றுவிடும். தமிழ்நாட்டு ஏரிகளில் மடை திறக்கும் பணியைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தவர்களின் அறிவும் பல ஊர்களில் இவ்வாறே மறைந்தது. எந்த மதகின் ஷட்டர் எத்தனை சுற்றில் ஒரு சாண் உயரும் என்பதை அறிந்த முதியவர் இல்லாத ஊரில், வெள்ளம் வரும் இரவில் அதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள அவகாசம் இராது.

கணக்கு கடினமன்று

நீர்வழங்கல் துறையில் மிகுதியாகப் பயன்படுவது ஸ்லூஸ் வால்வு. கேட் வால்வு என்றும் இதனைக் கூறுவர். குழாயின் குறுக்கே ஓர் இரும்புக் கதவு. அதனை ஏற்றி இறக்க மரை வெட்டிய ஒரு தண்டு. தண்டை ஒரு முறை சுழற்றினால் கதவு ஒரு மரையிடைத் தூரம் நகரும். எனவே, கதவு நகர வேண்டிய மொத்தத் தூரத்தை மரையிடைத் தூரத்தால் வகுத்தால் சுற்றுகளின் எண்ணிக்கை கிடைக்கும்.

600 மி.மீ. வால்வு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கதவு நகரும் தூரம் ஏறத்தாழ 600 மி.மீ. மரையிடைத் தூரம் 8 மி.மீ. எனில், 75 சுற்றுகள். களத்தில் வழங்கும் எளிய விதி ஒன்றும் உண்டு. வால்வின் அளவை அங்குலத்தில் எடுத்து, மூன்றால் பெருக்கி, இரண்டோ மூன்றோ கூட்டுக என்பது அவ்விதி. 600 மி.மீ. என்பது 24 அங்குலம். விதிப்படி 74 அல்லது 75 சுற்றுகள். நான் தெருவில் கண்ட 12 அங்குல வால்வுக்கு இவ்விதி 38 அல்லது 39 சுற்றுகளைத் தருகின்றது. நான் எண்ணியது 37. மதிப்பீட்டுக்கு இந்த நெருக்கம் போதுமானது.

பெரிய வால்வை நேரடியாகச் சுழற்ற மனித வலிமை போதாது. எனவே இடையில் கியர் பெட்டி வைக்கின்றனர். அது நாலுக்கு ஒன்று என்னும் விகிதமுடையதாயின், கைச்சக்கரத்தைச் சுற்ற வேண்டிய விசை குறையும். சுற்றுகளோ நான்கு மடங்காகி 300 ஆகும். விசையில் இலாபம் கண்டால் தூரத்தில் நஷ்டம் காண வேண்டும் என்று பௌதிக ஆசிரியர் வகுப்பில் கூறும் பொது விதியே இது. கியர் பெட்டி மனிதனின் வேலையைக் குறைப்பதில்லை. அதனை நீண்ட நேரத்துக்குப் பரப்பித் தருகின்றது, அவ்வளவே. உராய்வினால் வேலை சற்றுக் கூடுவதும் உண்டு.

இனி நேரத்தைக் கணிப்போம். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, சுற்றும் வேகத்தைக் கொண்டு கணிப்பது. கைச்சக்கரத்தைச் சுற்றத் தொடங்குபவர் முதல் ஓரிரு நிமிடங்களில் நிமிடத்துக்கு 20, 25 சுற்றுகள் வரை சுற்றக்கூடும். விரைவில் கை தளரும். இடையிடையே நின்று மூச்சு வாங்குவதையும் சேர்த்துப் பார்த்தால், சராசரியாக நிமிடத்துக்கு 15 சுற்றுகள் என்று கொள்ளலாம். 300 சுற்றுகளுக்கு 20 நிமிடங்கள்.

இரண்டாம் வழி, செய்ய வேண்டிய வேலையைக் கொண்டு கணிப்பது. கைச்சக்கரத்தின் குறுக்களவு 600 மி.மீ. என்றால் அதன் சுற்றளவு சுமார் 1.88 மீட்டர். சராசரியாக 100 நியூட்டன் விசை, அதாவது ஏறத்தாழ 10 கிலோகிராம் எடையைத் தாங்கும் விசை, தேவைப்படுவதாகக் கொள்வோம். ஒரு சுற்றுக்கு 188 ஜூல். 300 சுற்றுகளுக்கு 56,400 ஜூல். ஆரோக்கியமுள்ள ஒருவர் நாள் முழுவதும் உழைக்கும்போது தரக்கூடிய திறன் ஏறத்தாழ 75 வாட் என்பது நெடுங்காலமாக வழங்கும் மதிப்பு. அது கால்களும் சேர்ந்து உழைப்பதற்கு உரியது. கைகளால் மட்டும் சக்கரம் சுற்றுபவருக்கு 50 வாட் என்று கொள்வது நியாயம். 56,400-ஐ 50-ஆல் வகுத்தால் 1,128 விநாடிகள். அதாவது 19 நிமிடங்கள்.

இரு வழிகளும் ஏறக்குறைய ஒரே விடையைத் தருகின்றன. இருவர் மாறி மாறிச் சுற்றினால், ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது களைப்பின்றி 80 வாட் வரை தரக்கூடும். அப்போது நேரம் 12 நிமிடங்களாகக் குறையும். இரண்டாவது ஆள் எட்டு நிமிடங்களை மிச்சப்படுத்துகின்றார் என்பது பணியாளர் எண்ணிக்கையை நிர்ணயிப்போர் கவனிக்க வேண்டிய உண்மையாகும்.

பட்டாம்பூச்சி வால்வு எனப்படும் மற்றொரு வகையில், தட்டு கால் சுற்று மட்டுமே திரும்ப வேண்டும். எனவே அது விரைவில் மூடும் என்று பலர் எண்ணுகின்றனர். சிறிய வால்வுக்கு அது உண்மை. பெரியதற்குப் புழுக் கியர் பொருத்தியிருப்பர். கியர் விகிதம் 60-க்கு ஒன்று எனில் கைச்சக்கரம் 15 முறை சுற்ற வேண்டும். 400-க்கு ஒன்று எனில் 100 முறை. எனவே வகையைப் பார்த்து நேரத்தை ஊகித்தல் கூடாது. கியர் விகிதத்தைப் பார்த்தல் வேண்டும்.

கணக்கில் சேராதவை

மேற்கூறிய கணக்கு, நன்கு பேணப்பட்ட வால்வுக்குப் பொருந்தும். ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்த வால்வுக்குப் பொருந்தாது. மரையில் துரு ஏறும், கிளாண்டு இறுகும், கதவின் பள்ளத்தில் வண்டல் படியும். மூடிய வால்வின் ஒரு புறம் மட்டும் அழுத்தம் இருக்கும்போது, கதவு மறுபுறத்தின்மீது அழுந்தி நகர மறுக்கும். பெரிய வால்வுகளில் சிறிய பைபாஸ் வால்வு ஒன்று வைப்பது இதற்காகத்தான். அதனை முதலில் திறந்து இருபுறமும் அழுத்தத்தைச் சமமாக்கினால் பெரிய கதவு இளகும். இந்த ஏற்பாட்டுக்கும் நேரம் வேண்டும். அதுவும் கணக்கில் சேர வேண்டும்.

மேலும், சக்கரத்தைத் தொடுவதற்கு முன்பே நேரம் கழியத் தொடங்கிவிடுகின்றது. கசிவு நேர்ந்ததை ஒருவர் அறிய வேண்டும். மூடலாம் என்று ஒருவர் தீர்மானிக்க வேண்டும். வால்வு இருக்கும் இடத்துக்கு ஒருவர் போய்ச் சேர வேண்டும். நடப்பவர் நிமிடத்துக்கு 80 மீட்டர் செல்வார். ஆலையின் மறுகோடியிலுள்ள 800 மீட்டர் தொலைவுக்குப் பத்து நிமிடங்கள். இரவாயின், மழையாயின், முகக்கவசம் அணிய வேண்டியதாயின், இன்னும் மிகும்.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் மாலை, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சான் புரூனோ என்னும் ஊரில், குடியிருப்புகளின் நடுவே 30 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்தது. எட்டுப் பேர் மாண்டனர். 38 வீடுகள் அழிந்தன. குழாயில் வாயு வருவதை முற்றிலும் நிறுத்த 95 நிமிடங்கள் பிடித்தன. அருகிலிருந்த வால்வுகள் கையால் மூட வேண்டியவை. எங்கே வெடித்தது என்று அறியவும், ஆட்களை அனுப்பவும், மாலை நேர வாகன நெரிசலில் அவர்கள் சென்றடையவுமே அந்நேரத்தின் பெரும்பகுதி கழிந்தது. அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இத்தாமதத்தைக் கடுமையாகக் கண்டித்தது. 2022-இல் புதிய பெருங்குழாய்களுக்குத் தொலைவிலிருந்தோ தானாகவோ மூடும் வால்வுகளை அந்நாடு கட்டாயமாக்கியது. வெடிப்பை அறிந்தபின் 30 நிமிடங்களுக்குள் மூட வேண்டும் என்ற எல்லையும் விதிக்கப்பட்டது. "உடனே" என்னும் சொல்லுக்கு அங்கே ஓர் எண் கிடைத்துவிட்டது. அதற்கு எட்டு உயிர்கள் விலையாயின.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான துயரம் நிகழ்ந்தது. 2009-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், ஜெய்ப்பூருக்கு அருகில் சீதாபுராவிலுள்ள இந்தியன் ஆயில் கிடங்கில், ஒரு தொட்டியிலிருந்து பெட்ரோலை அனுப்ப ஆயத்தம் செய்யும்போது குழாயிலிருந்து பெட்ரோல் பீறிட்டது. அருகில் நின்ற பணியாளரை ஆவி வீழ்த்தியது. உதவச் சென்றவரையும் விடவில்லை. ஏறத்தாழ 75 நிமிடங்கள் கசிவு தொடர்ந்து, பின்னர் வெடித்தது. 11 பேர் உயிரிழந்தனர். வெளியேறிய பெட்ரோல் சுமார் 1,000 டன் என்று மதிப்பிடப்பட்டது. அதாவது, நிமிடத்துக்கு 13 டன். மூட வேண்டிய வால்வு அங்கே இருந்தது. அதன் அருகே எவராலும் நிற்க இயலவில்லை. சுற்றும் நேரம் எவ்வளவு குறைவாயினும், நிற்க முடியாத இடத்திலுள்ள சக்கரத்துக்கு நேரம் முடிவிலியே. தொட்டியின் வால்வைத் தொலைவிலிருந்து மூடும் வசதி வேண்டும் என்பது விசாரணைக் குழுவின் பரிந்துரைகளுள் ஒன்று.

சயானிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் சென்றால் செம்பூர், மாகுல் பகுதிகளில் இரண்டு பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ளன. ஒன்று 1954-இலும் மற்றொன்று 1955-இலும் தொடங்கப்பட்டவை. உர ஆலையும் அங்குண்டு. இவற்றைச் சுற்றிலும் இன்று பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன. இப்பகுதிகளில் ஒரு நிமிடம் என்பதன் மதிப்பை விளக்க வேண்டியதில்லை.

விரைவும் தீங்காகலாம்

நேரம் குறைவாயிருப்பதே எப்போதும் நன்று என்று வாசகர் கருதிவிடலாகாது. ஓடும் நீரைத் திடீரென்று தடுத்தால் அதன் இயக்கம் அழுத்தமாக மாறிக் குழாயைத் தாக்கும். இதனை நீர்ச் சம்மட்டி என்பர். ரஷ்ய அறிஞர் ஜூகோவ்ஸ்கி, மாஸ்கோ நகரக் குழாய்களில் 1897, 1898-ஆம் ஆண்டுகளில் சோதனை செய்து இதன் விதியை நிறுவினார். அழுத்த அலை எஃகுக் குழாயில் விநாடிக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் வேகத்தில் செல்லும். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீரைத் திடீரென்று நிறுத்தினால், சுமார் 100 மீட்டர் உயர நீர்த்தம்பத்துக்குச் சமமான அழுத்தம் கூடுதலாக எழும். பழைய குழாய் இதனைத் தாங்காது.

அலை குழாயின் மறுமுனை வரை சென்று மீளும் நேரத்துக்குள் மூடுவதே இங்குத் "திடீர்" எனப்படும். மூன்று கிலோமீட்டர் குழாய்க்கு அது ஆறு விநாடி. பத்துக் கிலோமீட்டர் குழாய்க்கு 20 விநாடி. 75 சுற்று வால்வை எவரும் 20 விநாடியில் மூட முடியாது என்பது உண்மையே. ஆயினும், ஸ்லூஸ் வால்வில் கதவு பெரும்பகுதி இறங்கும் வரை நீரோட்டம் அவ்வளவாகக் குறைவதில்லை. கடைசிப் பத்தில் ஒரு பங்கில்தான் ஓட்டம் பெரும்பாலும் தடைப்படுகின்றது. 75 சுற்றில் கடைசி ஏழெட்டுச் சுற்றுகளே உண்மையில் குழாயை மூடுகின்றன. களைத்தவர் வேலையை முடிக்கும் ஆவலில் அச்சுற்றுகளை விரைந்து முடிப்பாராயின், தீங்கு நேரக்கூடும். எனவே, பதிவேட்டில் மொத்த நேரத்துடன், கடைசிச் சுற்றுகளுக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய குறைந்த அளவு நேரமும் இடம் பெற வேண்டும். அபாயத்தில் விரைவு வேண்டும். அன்றாடப் பணியில் நிதானம் வேண்டும். "உடனே" என்னும் ஒரே சொல் இவ்விரண்டையும் கூறாது.

மூன்று ஆட்சேபங்கள்

இவ்வாறு கூறும்போது மூன்று ஆட்சேபங்கள் எழுவதுண்டு.

எல்லா வால்வுகளுக்கும் மின்மோட்டார் பொருத்திவிட்டால் இக்கணக்கே வேண்டாவே என்பது முதலாவது. மோட்டார் வேண்டிய இடத்தில் அதனைப் பொருத்தத்தான் வேண்டும். ஆனால் மோட்டார் வால்விலும் கைச்சக்கரம் ஒன்று இருப்பதைக் காணலாம். அது ஏன்? 2011-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜப்பானில் புகுஷிமா அணுமின் நிலையத்தில் அதற்கு விடை கிடைத்தது. சுனாமியால் மின்சாரம் அறவே நின்றபின், முதல் உலையின் காப்புக் கலத்திலிருந்து அழுத்தத்தை வெளியேற்ற வேண்டியிருந்தது. மார்ச் 12-ஆம் நாள் காலை, பணியாளர் சிலர் இருட்டில் உள்ளே சென்று மோட்டார் வால்வு ஒன்றைக் கையால் நாலில் ஒரு பங்கு திறந்து மீண்டனர். மற்றொரு வால்வைத் திறக்கச் சென்றவர்கள் கதிர்வீச்சு மிகுதியால் வழியிலேயே திரும்ப நேர்ந்தது. அங்கே ஒவ்வொரு நிமிடமும் ஓர் உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அளவு ஆகும். எத்தனை நிமிடம் தேவை என்று முன்னரே அறிந்திருந்தால்தான் எத்தனை பேரை, எந்த முறையில் அனுப்புவது என்று தீர்மானிக்க இயலும். மோட்டார் நின்ற அன்றுதான் கைக்கணக்கு மிகவும் தேவைப்படுகின்றது.

அனுபவசாலிகளுக்கு இதெல்லாம் தெரியும், எழுதுவானேன் என்பது இரண்டாவது. தெரியும் என்பதில் ஐயமில்லை. என் தெருவின் சாவிவாலாவே சான்று. ஆனால் அபாயம் அவர் விடுப்பில் இருக்கும் நாளிலும் வரும். ஒப்பந்த முறையில் புதிதாக வந்தவர் அன்று பணியில் இருப்பார். எழுதாத அறிவு அவருக்கு உதவாது.

மூன்றாவது ஆட்சேபம் பணியாளரிடமிருந்தே வருவது. மூன்றிலும் கனமானது அதுவே. "நேரத்தை எழுதி வைத்தால், ஒரு நாள் இரண்டு நிமிடம் தாமதமானாலும் எங்களைத்தான் குற்றம் சாட்டுவார்கள்" என்பது அவர்களின் அச்சம். இவ்வச்சம் ஆதாரமற்றதன்று. எனவே அளவை எடுக்கும் முறையிலேயே நியாயம் இருத்தல் வேண்டும். வலிமை மிக்க இளைஞரைக் கொண்டு குளிர்ந்த காலையில் அளந்த நேரத்தை, ஐம்பது வயதுடையவர் சித்திரை வெயிலில் செய்ய வேண்டிய வேலைக்கு அளவுகோலாக வைப்பது அநீதி. வழக்கமாக அப்பணியில் இருப்பவரைக் கொண்டு, வழக்கமான உடையிலும் கவசத்திலும், அவர் முன்னிலையிலேயே அளந்து, அவரையும் கையொப்பமிடச் செய்ய வேண்டும். அவ்வாறு பெறப்பட்ட எண் பணியாளருக்குப் பாதுகாப்பாகும். இருபது நிமிட வேலையை "உடனே" செய்யவில்லை என்று அவரை எவரும் குற்றம் கூற இயலாது. எண் இல்லாத இடத்தில்தான் பழி கீழ்நோக்கி இறங்குகின்றது.

செய்யத் தக்கவை

களப்பணியாளர் செய்யத் தக்கது எளிது. ஒரு தகட்டில் ஐந்து விவரங்கள் எழுதி வால்வின்மேலோ குழியின் சுவரிலோ பொருத்துக: மூடச் சுற்ற வேண்டிய திசை, மொத்தச் சுற்றுகள், ஒருவர் மூட ஆகும் நேரம், இருவர் மூட ஆகும் நேரம், கடைசியாக இயக்கிப் பார்த்த தேதி. திசையை முதலில் கூறியதற்குக் காரணம் உண்டு. எல்லா வால்வுகளும் வலப்புறமாகவே மூடுவதில்லை. தவறான திசையில் முழு வலிமையுடன் சுற்றிய பத்து நிமிடங்கள் வீணாவதுடன் தண்டும் முறியக்கூடும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒவ்வொரு வால்வையும் இயக்கிப் பார்த்து எண்ணைச் சரிபார்க்க வேண்டும். சென்ற ஆண்டு 12 நிமிடங்களில் மூடியது இவ்வாண்டு 18 நிமிடங்கள் எடுத்துக்கொண்டால், வால்வு தன் நோயைத் தானே கூறுகின்றது.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. நெம்புகோல், திருகு, கியர், வேலை, திறன் என்று நாம் வகுப்பில் தனித்தனியாகக் கற்பிக்கும் பாடங்கள் அனைத்தும் இந்த ஒரு சக்கரத்தில் ஒன்றுகூடுகின்றன. பள்ளித் தோட்டத்துக் குழாயின் சிறு கேட் வால்வைக்கொண்டே பயிற்சியைத் தொடங்கலாம். மாணவர் முதலில் சுற்றுகளைக் கணித்து எழுதட்டும். பிறகு எண்ணிப் பார்க்கட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்குக் காரணம் தேடட்டும். வாய்ப்பிருப்பின் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி வால்வை இயக்குபவரைப் பள்ளிக்கு அழைத்து, அவர் அறிந்ததை மாணவர் முன் கூறச் செய்யலாம். கணக்கும் அனுபவமும் ஒருவரை ஒருவர் மதிக்க அது ஒரு வழியாகும்.

இறுதியாக, கையேடுகளை இயற்றுவோருக்கும், என்னைப் போல் அவற்றை மொழிபெயர்ப்போருக்கும் ஒரு விண்ணப்பம். "உடனே" என்று எழுதும் முன், அவ்வேலைக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று கேட்போமாக. விடை இருபது நிமிடம் எனில், அவ்விருபது நிமிடமும் அங்கே ஒருவர் பாதுகாப்பாக நிற்க முடியுமா என்று அடுத்துக் கேட்போமாக. முடியும் எனில் அந்த எண்ணை அச்சிடுவோம். முடியாதெனில் மாற்ற வேண்டியது வால்வின் அமைப்பே ஆகும். அடுத்த முறை அத்தகைய கையேடு என் மேசைக்கு வருமானால், மொழிபெயர்ப்புடன் இக்கேள்வியையும் இணைத்தே அனுப்புவதென்று உறுதி கொண்டுள்ளேன்; பதில் வரும்வரை மீண்டும் கேட்பேன்.